கத்திரி வெயில்ல போட்ட காங்கிரீட் ரோட்டுல எத்தினி நாள் கழிச்சு வண்டி விடலாம்

முதல்ல பதிலைச் சொல்லிடறேன், மீதிய அப்புறம் பொறுமையா படிங்க. நடக்க 1 நாள், சைக்கிள் பைக்குக்கு 7 நாள், கார் ஆட்டோவுக்கு 14 நாள், டிராக்டர் டிப்பர் தண்ணி லாரிக்கு 28 நாள். நெடுஞ்சாலை வேலைக்கு மத்திய அரசு போட்டிருக்க ஸ்பெசிபிகேஷன்ல இந்த தயவு தாட்சண்யம்லாம் கிடையாது, 28 நாளைக்கு எந்த வண்டியும் ஏறக்கூடாது, குறுக்கால வெட்டி விடற ஜாயின்ட் கோட்டை சீல் பண்ணி முடிக்காமயும் ஏறக்கூடாது, அவ்ளோதான். நான் மேல பிரிச்சு சொன்னது ஊருக்குள்ள தெரு, தோப்புக்குப் போற ரோடு, சுத்திப் போக வேற வழியே இல்லாத இடம், அதுக்கு மட்டும்.

ஆனா அந்த நாளை எப்படி எண்ணறதுன்னுதான் நம்மாளுங்க தப்பு பண்றாங்க. காலண்டர்ல தேதி கிழிச்சு எண்ணக்கூடாது, தண்ணி நிறுத்த வேண்டிய முதல் 14 நாள்ல ரோடு நனைஞ்சிருந்த நாளைத்தான் எண்ணணும். தண்ணி மோட்டார் ரிப்பேர்னு 3 நாள் காஞ்சு கெடந்துச்சுன்னா அந்த 3 நாள் கணக்குலயே வராது.

நான் குடியாத்தம், பரதராமி பக்கம் சின்னச் சின்ன ரோடு வேலை பாக்கறவன், பரதராமி தாண்டினா சித்தூர் எல்லை, வேலைக்கு வர்ற ஆளுங்கள்ல பாதிப் பேர் வீட்ல தெலுங்குதான். ரெண்டு வருஷம் முன்னாடி மே கடைசில ஒரு கிராமத்துல 3 மீட்டர் அகலத்துக்கு ரோடு போட்டோம். நாலாவது நாளே மேல ஏறி குதிச்சாலும் ஒன்னும் ஆவல, கம்பியால தட்டினா டங்கு டங்குன்னு சத்தம், பாக்கறவங்க எல்லாம் செட் ஆயிடுச்சுப்பா விடுப்பான்னு சொல்லினே இருந்தாங்க. 9வது நாள் ராத்திரி சொந்தக்கார மாமா ஒருத்தர் வந்து நிக்கறாரு, டிராக்டர் நெறைய கிளிமூக்கு மாங்கா, "மாப்ள, விடியறதுக்குள்ள பேக்டரி வாசல்ல லைன் போடலன்னா காய் பூரா வீணாப் போயிடும்டா, ஒரே ஒரு நடை, ஓரமா போயிடறேன்" அப்படின்னாரு. விட்டேன். ஓரமா போறேன்னு சொன்னதுதான் வினையே. விடியகாலம் 4 மணிக்கு போன டிராக்டர் ரெண்டு ஸ்லாபோட, அதாவது ஜாயின்ட்டுக்கு ஜாயின்ட் நடுவுல இருக்க துண்டோட, மூலையை முக்கோணமா உடைச்சுட்டு போயிடுச்சு. அந்த 9 நாள்ல 3 நாள் மோட்டார் ஓடல, அது எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் விட்டேன். உடைச்சு எடுத்து திரும்பப் போட்ட செலவு என் கையிலிருந்து போச்சு, மாமா கிட்ட கேக்கவா முடியும்.

மூலை ஏன் உடைஞ்சுது, அதுவும் ஏன் விடியகாலத்துல? பகல்ல வெயில் மேல பட்டு ஸ்லாபோட மேல்பக்கம் சூடாவும் அடி குளிர்ச்சியாவும் இருக்கும், அப்ப நடுவு லேசா மேல எழும்பும். ராத்திரி இது தலைகீழ், மேல்பக்கம் சீக்கிரம் ஆறிடும், அடி சூடாவே இருக்கும், அதனால மூலையும் ஓரமும் மேல்நோக்கி வளைஞ்சுக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனா அந்த நேரத்துல மூலைக்கு அடியில தாங்கறதுக்கு ஒன்னும் இல்ல, அந்தரத்துல நிக்குது. அது மேல போய் லோடு ஏறினா இன்னா ஆவும். அதனால 28 நாளைக்கு முன்ன தவிர்க்கவே முடியாம ஒரு வண்டி போயே ஆகணும்னா நடு ரோட்டுல போகச் சொல்லுங்க, விடியகாலத்துல வேணாம், வெயில் ஏறினப்புறம் போகட்டும்.

இப்ப வெயில் இன்னா பண்ணுதுன்னு கொஞ்சம் பாக்கலாம், இது புரிஞ்சா மீதி தானா புரியும். காங்கிரீட் காஞ்சு இறுகறதில்ல, சிமென்ட்டும் தண்ணியும் சேர்ந்து வினை நடந்து இறுகுது. தண்ணி இருக்கற வரைக்கும்தான் அந்த வினை. நல்லா பராமரிச்சா 3 நாள்ல 40 சதவீதம், 7 நாள்ல 65 சதவீதம், 14 நாள்ல 90 சதவீதம் வரைக்கும் பலம் வரும்னு சைட்ல ஒரு பொதுக் கணக்கு சொல்லுவாங்க, 28 நாள்ல முழுசு. வெயில்ல சூடு ஜாஸ்தின்றதால ஆரம்பத்துல வினை வேகமா நடக்கும், 3வது நாள் 4வது நாள் பலம் நல்லாவே காட்டும், அங்கதான் எல்லாரும் ஏமாறது. அவசரமா இறுகின காங்கிரீட் கடைசில எட்ட வேண்டிய பலத்தை எட்டாது, கூடவே தண்ணியும் ஆவியா போயிட்டா வினை நடுவுலயே நின்னுடும். அதுவும் மேல் தோல்லதான் முதல்ல நிக்கும், டயர் உரசறதும் அந்த தோல்லதான். ஒரு வருஷத்துல ரோடு பூரா வெள்ளை புழுதியா கிளம்பறதப் பாத்திருப்பீங்க, பல இடத்துல சிமென்ட்டைக் குறைச்சுட்டாங்கன்னு திட்டுவோம், தண்ணி காட்டாமத்தான் போயிருக்கும்.

எத்தினி நாள் தண்ணி? காங்கிரீட் வேலைக்கான இந்திய தர விதி ஐஎஸ் 456 படி, எதுவும் கலக்காத சாதா ஓபிசி சிமென்ட்டுக்கு குறைஞ்சது 7 நாள், காஞ்ச வெயில் ஊருக்கு 10 நாள், சாம்பல் கலந்த பிபிசி மாதிரி சிமென்ட்டுன்னா 10 நாளை 14 ஆக்கறது நல்லதுன்னு இருக்கு. இப்ப கடைல மூட்டை கேட்டா பெரும்பாலும் பிபிசிதான் வருது, மூட்டையிலயே எழுதியிருக்கும் பாருங்க. மே மாசம் ஆச்சுன்னா டிவில அதிக வெயில் பட்டியல்ல வேலூர் திருத்தணி பேரு வராத நாளே கம்மி. அப்ப நம்ம ஊருக்கு 14 நாள்னு வச்சுக்கங்க, பேரமே வேணாம்.

தேதியை பின்னால இருந்து எண்ணுங்க. எங்க பக்கம் பெரிய தொல்லை திருவிழாதான். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு வைகாசி 1, மே நடுவுல வந்துடும், அதுக்குள்ள தெரு ரோடு முடிஞ்சாகணும்னு ஊரே நிக்கும், கடைசில சித்திரை 20க்கு காங்கிரீட் போட்டுட்டு வைகாசி 1க்கு அது மேல சப்பரம், ஜெனரேட்டர் வண்டி, தண்ணி லாரி எல்லாம் ஏத்துவாங்க. சித்திரைக்கு 31 நாள். சித்திரை 3க்குள்ள கடைசி காங்கிரீட் கொட்டி முடிச்சாத்தான் வைகாசி 1க்கு 28 நாள் கெடைக்கும், அதுக்கு மேல ஆயிடுச்சுன்னா திருவிழா முடிஞ்சப்புறம் போடுங்க, பழைய ரோட்டுலயே சாமி வரட்டும். மாங்கா சீசனும் அப்படித்தான், ஜூன் ஜூலைல கிளிமூக்கு லோடு ஓடற ரோடுன்னா மாசி பங்குனிலயே போட்டு முடிச்சுடுங்க. அகலத்தை பாதி பாதியா பிரிச்சு போடறதும் ஒரு வழி, ஆனா ஒரு பாதிக்கு 28, இன்னொரு பாதிக்கு 28, ரெண்டு மாசம் ஆவும்னு ஊர்ல முன்னாடியே சொல்லிடணும்.

போடற அன்னிக்கு. காலைல 10 மணிக்கு ஆரம்பிச்சா வெளிய வெயிலும் உள்ள சிமென்ட் கக்கற சூடும் ஒரே நேரத்துல உச்சிக்குப் போவும். சாயங்காலம் 4 மணிக்கு மேல ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும் போடறதுதான் எனக்குப் பிடிச்சது, லைட்டு செலவு ஆவும் பரவால்ல. ஜல்லியை நெழல்ல வைங்க இல்ல மத்தியானம் தண்ணி தெளிச்சு வைங்க. அடிமண்ணை நனைச்சு, குட்டை கட்டாம ஈரமா விட்டு, அது மேல பாலிதீன் ஷீட்டு விரிச்சா இன்னும் நல்லது, இல்லாட்டி காஞ்ச மண்ணு கீழ இருந்து தண்ணிய உறிஞ்சிடும். ரெடிமிக்ஸ் லாரின்னா லோடு ஏத்தின நேரத்துலேர்ந்து 2 மணி நேரத்துக்குள்ள கொட்டிடணும், வெயில்ல அதுக்கு முன்னாடியே இறுக ஆரம்பிக்கும், அப்ப டிரைவர் டிரம்முல பைப்பை விட்டு தண்ணி ஊத்தப் பாப்பாரு. விடாதீங்க. அந்த தண்ணில வேலை ஈஸியா போவும், பலம் போயிடும், 28 நாள் இல்ல 56 நாள் காத்திருந்தாலும் திரும்ப வராது. இளக்கமா வேணும்னா அட்மிக்ஸர்னு கலவைய இளக்கற மருந்தை பிளான்ட்லயே சேர்க்கச் சொல்லி ஆர்டர் குடுங்க.

முதல் ராத்திரிதான் முக்கியம், யாரும் மதிக்காததும் அதத்தான். மட்டப்பலகை இழுத்து முடிச்ச ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல மேல ஒரு பளபளப்பு இருக்கும், அது மறைஞ்சதும் காத்து அடிச்சா நூல் நூலா வெடிப்பு விழும். சதுர மீட்டருக்கு மணிக்கு 1 கிலோ தண்ணிக்கு மேல ஆவியாச்சுன்னா இந்த வெடிப்பு வர்றதுக்கு வாய்ப்பு அதிகம்னு ஒரு அளவு வச்சிருக்காங்க, வெயிலை விட காத்துதான் இதுல மோசம். எங்க ஆளுங்க மாந்தோப்புக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரை நல்லா கழுவிட்டு பனி மாதிரி தெளிப்பாங்க, தண்ணி ஊத்தக்கூடாது, ஓடக்கூடாது, காத்துல ஈரம் இருந்தா போதும். இறுகறதுக்கு முன்னாடி வெடிப்பு தெரிஞ்சா அந்த இடத்தை திரும்ப தேய்ச்சு மூடலாம், விடிஞ்சு பாத்தா முடியாது. இன்னொன்னு, மேல நீர் நிக்குதுன்னு காஞ்ச சிமென்ட்டைத் தூவி தேய்க்கற கொத்தனாரு எல்லா ஊர்லயும் இருக்காரு, அது பாக்க வழவழன்னு இருக்கும், ஆறு மாசத்துல செதில் செதிலா உரியும்.

லேசா இறுகினதும், விரல் வச்சா தடம் விழாத பக்குவத்துல, ஈர சாக்கு போத்துங்க. சணல் சாக்குதான், யூரியா மூட்டை தண்ணி பிடிக்காது. பழைய சாக்கு வாங்கறப்ப கவனம், எங்க பக்கம் சித்தூர் மார்க்கெட்ல வெல்லம் வந்த சாக்கு சல்லிசா கிடைக்கும், சர்க்கரை வெல்லம் ரெண்டும் புது காங்கிரீட்டை இறுக விடாம கெடுக்கும், அலசி காய வச்சப்புறம்தான் போத்தணும். உப்பு சாக்கு வேணவே வேணாம், உள்ள இருக்க கம்பிக்கு ஆவாது.

ஜாயின்ட் வெட்டறது கத்திரி வெயில்ல ராத்திரியே வந்துடும், காலைல வந்து வெட்டிக்கலாம்னு மிஷின்காரரு சொன்னா அவரு வர்றதுக்குள்ள ஸ்லாப் தானே தனக்கு பிடிச்ச இடத்துல வெடிச்சிருக்கும். பிளேடு ஓட்டினா கல்லு பேந்து வராத நேரம் வந்ததும் வெட்டிடணும், கனத்துல நாலுல ஒரு பங்கு இல்ல மூனுல ஒரு பங்கு ஆழம், 15 சென்டிமீட்டர் ரோடுன்னா 4 மீட்டருக்குள்ள ஒரு கோடு.

மறுநாள்லேர்ந்து பாத்தி. ரோட்டு மேல களிமண்ணுல ஒரு ஜாண் வரப்பு கட்டி, வயல் மாதிரி கட்டம் கட்டமா பிரிச்சு, 5 சென்டிமீட்டர் தண்ணி நிறுத்தணும். சாய்வு ஜாஸ்தியான ரோடுன்னா கட்டத்தை சின்னதா வைங்க. கணக்கு போட்டுப் பாருங்க, 3 மீட்டர் அகலம் 100 மீட்டர் நீளம்னா 300 சதுர மீட்டர், முதல் நிரப்புக்கே 15,000 லிட்டர், 5,000 லிட்டர் டேங்கர்னா 3 லோடு. அப்புறம் மணிக்கு சதுர மீட்டருக்கு அரை லிட்டர் போகுதுன்னு வச்சாலும் பகல் 8 மணி நேரத்துல 1,200 லிட்டர், அதுக்கு மேல வரப்பு கசியறது. இந்த தண்ணி எங்கேர்ந்து வரப்போவுது, மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்டு எத்தினி மணிக்கு வரும், யாரு காவலுக்கு, இதெல்லாம் சிமென்ட் இறக்கறதுக்கு முன்னாடி முடிவு பண்ணணும். எஸ்டிமேட்ல கியூரிங்குக்கு, அதாவது இந்த தண்ணி காட்டற வேலைக்கு, தனியா ஒரு காசு ஒதுக்காத காண்ட்ராக்டரை நம்பாதீங்க, அவரு மழையை நம்பி இருக்காரு.

தண்ணி எப்படிப்பட்டதுன்னும் பாருங்க. பாலாறு ஓரமா, பேரணாம்பட்டு ஆம்பூர் பக்கம் தோல் ஷாப்பு கழிவு இறங்கின கிணறுங்க இருக்கு, நாக்குல வச்சாலே தெரியும். ஐஎஸ் 456ல கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம், கம்பி இல்லாததுக்கு 2,000 வரைக்கும்தான், பிஎச் 6க்கு கீழ போகக்கூடாது. கலக்கறதுக்கு கண்டிப்பா டெஸ்ட் பண்ணின தண்ணி, பாத்திக்கும் அதே தண்ணின்னா நிம்மதி.

மத்தியானம் 2 மணிக்கு வந்து, அய்யோ காஞ்சு போச்சேன்னு பைப்பைத் திறந்து பீச்சறது ரொம்பக் கெட்ட பழக்கம். அப்ப ஸ்லாப் கொதிச்சுனு இருக்கும், போர் தண்ணி ஜில்லுனு இருக்கும், தண்ணி ஸ்லாபை விட 11 டிகிரிக்கு மேல குளிர்ச்சியா இருந்தா மேல் தோல் சட்டுனு சுருங்கி வலை மாதிரி வெடிக்கும். நனைச்சு காய விட்டு நனைச்சு காய விடறதும் இதே கேடுதான். காஞ்சுட்டதை பாத்துட்டீங்கன்னா தொட்டில வெயில்ல கெடந்த வெதுவெதுப்பு தண்ணிய தெளிச்சு ஆரம்பிங்க. காலைல 6 மணிக்கே பாத்தி நிரம்பியிருந்தா இந்தப் பிரச்சனையே வராது.

தண்ணிக்கு வழியே இல்லாத இடத்துக்கு, உள்ள இருக்க ஈரம் போகாம மேல அடிக்கற கியூரிங் காம்பவுண்டு இருக்கு, வெள்ளை நெறம் கலந்தது வாங்குங்க, வெயிலைத் திருப்பி அனுப்பும், எங்க அடிச்சோம் எங்க விட்டோம்னும் தெரியும். மேல் பளபளப்பு போனதும் அடிக்கணும், ஒரு தடவை நீளவாக்குல ஒரு தடவை குறுக்குல, ஒரு லிட்டர் 4லேர்ந்து 5 சதுர மீட்டருக்கு மேல இழுக்கக்கூடாது, டின்ல வேற அளவு போட்டிருந்தா அதுதான் சரி. எங்க வெயிலுக்கு அது மட்டும் போதாதுன்றது என் அபிப்ராயம், காம்பவுண்டு அடிச்சு அது மேல சாக்கும் போட்டாத்தான் தூக்கம் வரும்.

வண்டிய மறிக்கறது தனிக் கலை. கல்லு வச்சா நகத்தி வச்சுட்டு போயிடுவாங்க, கயிறு கட்டினா அறுத்துடுவாங்க, ரிப்பன் கட்டினா பசங்க தலையில கட்டிக்குவாங்க. சீமைக்கருவேல முள்ளை வெட்டி ரெண்டு முனையிலயும் ஆள் ஒசரத்துக்கு போடுங்க, நடந்து போறவங்களுக்கு மட்டும் ஒரு சந்து. எல்லையோரம்ன்றதால போர்டை தமிழ்லயும் தெலுங்குலயும் எழுதுங்க, எழுதறப்ப "வேலை நடக்கிறது"ன்னு மொட்டையா எழுதாம எந்த தேதிக்கு தெறக்கும்னு எழுதுங்க, தேதி தெரிஞ்சா பால் வண்டிக்காரரே சுத்திப் போக பழகிக்குவாரு. ஒருதடவை பலமனேர்லேர்ந்து வந்த டிரைவர் ஒருத்தர் போர்டைப் பாத்துட்டு "தேதி போட்டிருக்கீங்கண்ணா, அப்ப சரி"ன்னு வண்டிய திருப்பிட்டாரு, எனக்கே ஆச்சரியம். ஆம்புலன்ஸ் வரவேண்டிய வீடு இருந்தா முன்கூட்டியே மாத்து வழி பேசி வைங்க, வயல்காரர் கிட்ட ஒரு மாசத்துக்கு ஓரமா வழி கேட்டா பெரும்பாலும் குடுப்பாங்க.

தெறக்கறதுக்கு முன்ன நாளை மட்டும் நம்பாதீங்க. போடற அன்னிக்கே அதே காங்கிரீட்ல டெஸ்ட்டுக்கு 15 சென்டிமீட்டர் கட்டையா கியூப் எடுத்து வைங்க, லேப் தொட்டில முங்க வைக்க ஒரு செட்டு, ரோட்டோரமே ரோடு படற வெயிலும் தண்ணியும் பட்டு கெடக்க இன்னொரு செட்டு. லேப் கியூப் சிமென்ட் கலவை சரியான்னு சொல்லும், ரோட்டோர கியூப்தான் வண்டி விடலாமான்னு சொல்லும். எம்30 ரோடுன்னா கியூப் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்கணும், அதாவது மிஷின்ல 675 கிலோநியூட்டன் வரைக்கும் உடையக்கூடாது. பக்கத்துல இன்ஜினியரிங் காலேஜ் இருந்தா டெஸ்ட் பண்ணிக் குடுப்பாங்க. சீக்கிரம் தெறந்தே ஆகணும்ன்ற ரோட்டுக்கு எம்30 போதும்ன்ற இடத்துல எம்40 போடுங்க, தண்ணி கம்மியா, ஓபிசி சிமென்ட்ல, அது 30ஐ முன்னாடியே தொட்டுடும், காசு கூட ஆவும்.

தெறக்கற நாள் வந்ததும் ஜாயின்ட்டை காய விட்டு சுத்தம் பண்ணி சீல் அடிச்சுடுங்க, தெறந்த ஜாயின்ட்ல கூழாங்கல்லு மாட்டிக்கிச்சுன்னா வெயில்ல ஸ்லாப் விரியறப்ப ஓரம் பேந்துடும். ரெண்டு பக்கமும் கிராவல் போட்டு ரோட்டு மட்டத்துக்கு இடிச்சு கெட்டி பண்ணுங்க, இல்லாட்டி எதிர்ல வண்டி வர்றப்ப சக்கரம் இறங்கி ஏறும், ஓரம்தான் ரோட்டோட பலவீனமே. முதல்ல பைக்கு, அப்புறம் காரு, கடைசில லோடு. 2018க்கு அப்புறம் லாரிக்கு நாலு டயர் உள்ள ஒரு ஆக்ஸிலுக்கே 11.5 டன் வரைக்கும் சட்டப்படி விடறாங்க, முன்ன 10.2 டன்தான், செங்கல் மண் டிப்பருங்க அதையும் தாண்டித்தான் ஏத்துது. சேறு உழுத கேஜ் வீலோட, அந்த இரும்புச் சக்கரத்தோட, டிராக்டரை 28 நாள் ஆனாலும் சரி, 28 மாசம் ஆனாலும் சரி, ரோட்டுல ஏத்தாதீங்க.

பாத்தி மண்ணை எடுக்கறப்ப ஜேசிபி பக்கெட் வச்சு வழிக்கச் சொல்லுவாங்க, பத்து நிமிஷ வேலைன்னு. வேணாம், மம்பட்டிய படுக்க வச்சு ஆள விட்டு எடுங்க, அந்த மண்ணையே ஓரத்துக்கு கிராவலுக்கு அடியில போட்டுக்கலாம்.